ஒன்பதாம் மேசையின் பதினோரு தகராறுகள்

அத்தியாயம் 7

“பன்னிரண்டு மணிக்கு மாரிசெல்லை வேலையை விட்டுத் தூக்கறாங்க. நமக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு” என்றார் வெர்னா ஹாஸ்கெல், காரை நிழல் பார்த்து நிறுத்தியபடி.

“ரெண்டு மணி நேரமா? போன கேஸுல அவ்வளவு நேரம் உங்க கண்ணாடியைத் தேடறதுக்கே ஆச்சு பாஸ்” என்றான் டெஸ்மண்ட்.

“கண்ணாடி உன் சட்டைப் பையில இருந்தது.”

“அதான் சொல்றேன். கஷ்டமான கேஸ்.”

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் முப்பது வருஷம் லாஸ் வேகஸின் போக்கர் சீட்டாட்ட அறைகளில் மேற்பார்வையாளராக ஓடியவர். எந்த மேசையில் இரண்டு பேர் சட்டையைப் பிடிக்கத் தயாராகிறார்களோ அங்கே போய் நின்று, யார் சொன்னது செல்லும், யார் வைத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. ஓய்வு பெற்றதும் துப்பறியும் உரிமம் வாங்கிக்கொண்டார். டெஸ்மண்ட் அவரிடம் சேருவதற்கு முன்னால் மெத்தைக் கடையில் விற்பனையாளன். கடையை விட்டு வரும்போது வாயை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

கூப்பிட்டது காப்பர் மியூல் கேசினோவின் போக்கர் அறை மேலாளர் கிப். மூன்று வாரத்தில் ஒன்பதாம் மேசையில் பதினோரு தகராறு. பதினொன்றும் மாரிசெல் சீட்டுப் போடும் அரை மணி நேரங்களில்தான் நடந்திருக்கின்றன. டீலருக்கே விதி தெரியவில்லை என்று மேலிடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். வேறு காரணம் இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று கிப் சொல்லியிருந்தார்.

“இருபத்திரண்டு வருஷம் முன்னாடி அவளுக்குச் சீட்டுக் கலைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். விதி தெரியாதாம்! அம்பத்தாறு வயசுல கெட்ட பேரோட வெளிய போனா, இந்த ஊர்ல எந்த மேசையில அவளைச் சேர்ப்பாங்க?” வெர்னாவுக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது. “நீ உள்ள போய் ஆடு. நான் ஓரமா உக்காந்து பாக்கறேன்.”

“எனக்குப் போக்கர் சுமாராத்தான் வரும்.”

“சுமாரா ஆடற ஆளைத்தான் அந்த மேசைக்குப் பிடிக்கும்.”

காலை பத்து மணிக்கு அந்த ஊரில் சுறுசுறுப்பாக இருப்பவர்கள் ஓய்வூதியக்காரர்கள் மட்டுமே. ஒன்பதாம் மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த ரகம். வருமான வரியில் ஏய்த்தவர்கள் இருந்தார்கள், மூன்று பெண்டாட்டிகளை ஏமாற்றியவர் ஒருவர் இருந்தார். அதெல்லாம் சொந்த விஷயம். பந்தயப் பணமாக வைக்கும் சில்லுகளை அடுக்கி வைக்காமல் நடுவில் வீசி எறிந்தால் மட்டும் மனிதப் பிறவியே இல்லை என்பார்கள்.

மேசையின் தலைப்பக்கத்தில் ‘ஜட்ஜ்’ ஸ்ட்ரௌட். எந்த நீதிமன்றமும் அவரை நீதிபதியாக நியமித்ததில்லை. முப்பத்தோரு வருஷம் நீச்சல் குளங்களைப் பரிசோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். விதிப் புத்தகத்தைக் கண்ணாடித்தாள் உறை போட்டுப் பையில் வைத்திருந்தார். அவர் பக்கத்தில் பேர்ல் அம்மாள், எண்பத்திரண்டு வயது. தன் சீட்டை யாரும் தெரியாமல் வாரிவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு பீங்கான் தவளையை உட்கார வைத்திருந்தார். எதிரே வைக்கோல் தொப்பியோடு ஆர்வில் என்ற புது ஆள். நெப்ராஸ்காவில் சோளம் போடுகிறவராம், கேசினோவுக்குள் கால் வைப்பதே இதுதான் முதல் தடவையாம். மூன்று வாரமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரிசெல் சீட்டைப் பரிமாறினாள். சின்ன உருவம், வேகமான கை. டெஸ்மண்டின் முறை வந்தது. பத்து டாலர் சில்லை முன்னால் தள்ளினான். யோசித்தான். கையைத் திரும்பக் கொண்டுபோய் இன்னும் இருபதை எடுத்து வைத்தான்.

“ரெண்டு தவணை!” ஜட்ஜ் மேசையை அறைந்தார். “ரெண்டு தவணையில வைக்கிறான்! முதல் பத்தை வச்சு எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, அப்புறம் இருபதாம்!”

“மன்னிச்சுக்கங்க ஐயா. நான் மெத்தை வித்தவன். தவணை என் ரத்தத்துல ஊறினது” என்றான் டெஸ்மண்ட்.

“பத்து மட்டும்தான் சார் செல்லும்” என்றாள் மாரிசெல், மெதுவாக. “பந்தயத்தை ஏத்தறதா இருந்தா முதல்லயே வாயால சொல்லணும், இல்லன்னா மொத்தத்தையும் ஒரே தடவையில வைக்கணும்.”

விதி தெரியாத டீலரா இவள்? டெஸ்மண்ட் ஓரக்கண்ணால் வெர்னாவைப் பார்த்தான். அவர் காப்பிக் கோப்பைக்குப் பின்னால் இருந்து தலையை மட்டும் அசைத்தார்.

நாலு ஆட்டம் கழித்து பன்னிரண்டாவது தகராறு வந்தது. கடைசிச் சுற்றில் பேர்ல் அம்மாள் பத்து டாலர் வைத்தார். ஆர்வில் ஒரே ஒரு நூறு டாலர் சில்லை எடுத்து, வாயே திறக்காமல், முன்னால் போட்டார்.

“அவங்க வச்சதுக்கு ஈடு. பத்து செல்லும், தொண்ணூறு திரும்ப வரும்” என்று அறிவித்தாள் மாரிசெல்.

“ஐயையோ, நான் நூறுன்னு நினைச்சுல்ல போட்டேன்!” ஆர்வில் தொப்பியைக் கழற்றினார்.

அவ்வளவுதான். “ஒரே சில்லு, பெரிய சில்லு, வாய்ப்பேச்சு இல்ல. அப்போ எதிராளி வச்ச அளவுதான் செல்லும்! பக்கம் பதினாலு!” என்று ஜட்ஜ் எழுந்தே விட்டார். “பாவம், அவர் கிராமத்து ஆள்” என்றது ஒரு குரல். “கிராமத்துல வாய் இல்லையா?” என்றது இன்னொன்று. பேர்ல் அம்மாள் தவளையை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலாளர் கிப் ஓடி வந்தார். எந்தப் பக்கமும் சாயாமலே தலை நரைத்த மனிதர் அவர்.

“கேமராவைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார் கிப்.

“அவர் ஒண்ணும் சொல்லலைங்கறதுதான் சார் பிரச்சினை. கேமராவுக்குக் காது கிடையாதே” என்றாள் மாரிசெல்.

ஏழு நிமிடம் கழித்து, மாரிசெல் சொன்னதையே கிப் தன் கண்டுபிடிப்பாகத் திரும்பச் சொன்னார். சீட்டுகள் திரும்பின. பேர்ல் அம்மாளிடம் மூன்று ராணி. ஆர்விலிடம் மூன்று ராஜாவும் இரண்டு ஒன்பதும். ஜெயித்தது அவர்தான். ஆனால் ஏற்றியது செல்லாததால் கொழுத்த ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. வேறு யாராவது என்றால் மேசையைக் கவிழ்த்திருப்பார்கள். ஆர்வில் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, சில்லுகளை இழுத்துக்கொண்டார். ஜெயிக்கிறவர் டீலருக்கு ஒரு டாலராவது தூக்கிப் போடுவது வழக்கம். மாரிசெல்லுக்கு அவர் காலணா போடவில்லை. கஞ்சப் பயல் என்று டெஸ்மண்ட் மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

அரை மணி முடிந்து மாரிசெல் மாறினாள். தாடிக்கார டீலர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஆர்வில் அடுத்தடுத்து இரண்டு சின்ன ஆட்டம் ஜெயித்தார். தாடிக்காரருக்கு இரண்டு தடவையும் இரண்டிரண்டு டாலர் விழுந்தது. ஒரு தகராறும் இல்லை. பிறகு ஆர்வில் பசிக்கிறதென்று எழுந்தார். எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் லேசாகத் தட்டி, விரித்து, திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்.

டெஸ்மண்ட் பின்னாலேயே போனான். ஆம்லெட் போடும் இடத்தில் ஆர்வில் சர்க்கரைப் பொட்டலம் நாலு எடுத்தார், மூன்றைத் திரும்ப வைத்தார். மறுபடியும் அதே தட்டல், அதே விரித்தல், அதே திருப்பல். எதிரே நின்ற சமையல்காரர் பதிலுக்குக் கையசைத்தார்.

டெஸ்மண்ட் தானும் ஒரு ஆம்லெட் வாங்கிக்கொண்டு மூலை மேசையில் இருந்த வெர்னாவிடம் வந்தான். “பாஸ், அந்த ஆள் ரொம்ப பக்திமான். எந்திரிக்கும்போது ஒரு கும்பிடு, சர்க்கரைக்கு ஒரு கும்பிடு.”

“எப்படிக் கும்பிட்டான்? செஞ்சு காட்டு.”

டெஸ்மண்ட் செய்து காட்டினான். வெர்னாவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

“அந்தக் கும்பிடுக்கு சாமி கூரையில இருக்குடா. டீலர் எவனும் மேசையை விட்டுக் கையை எடுக்கும்போது, என் கையில சில்லு ஒண்ணும் ஒட்டலைன்னு கேமராவுக்குக் காட்டணும். இருபது வருஷம் செஞ்சா, சர்க்கரைப் பொட்டலத்துக்கும் காட்டுவான்.”

“அப்போ சோளம்?”

“தட்டுல பார்த்திருப்பான்.”

“அடப்பாவி! டீலரா இருந்துக்கிட்டு விதி தெரியாத மாதிரி நடிச்சு அடிக்கிறானா?”

“அங்கதான் இடிக்குது.” வெர்னா கிப் கொடுத்த பட்டியலை விரித்தார். “பதினோரு தகராறும் இவன் ஆரம்பிச்சது. பதினொண்ணுலயும் தீர்ப்பு இவனுக்கு எதிரா. இன்னிக்கு நடந்ததும் அப்படியே. ஒரு தடவைகூட அடுத்தவங்களுக்கு நஷ்டமில்ல. தப்பாட்டம் ஆடறவன் தோக்கறதுக்காகவா ஆடுவான்?”

“கூலிக்கு வந்தவனா இருப்பான். மாரிசெல்லைத் தூக்கறதுக்கு யாரோ அனுப்பின ஆள்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன், அந்த டிப்ஸைப் பார்க்கற வரைக்கும். சக டீலருக்கு டிப்ஸ் போடாம எழுந்து போனா ஒரு டீலருக்குத் தூக்கம் வராது. தாடிக்காரனுக்கு நாலு டாலர் போட்டான். மாரிசெல்லுக்கு ஏன் போடலை?”

“அவங்களைப் பிடிக்கலையோ என்னமோ.”

“யோசிடா. எந்தப் பொம்பளைக்கு ஒருத்தன் டிப்ஸ் கொடுக்க மாட்டான்?”

டெஸ்மண்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. “வீட்டுக்காரிக்கு” என்றான். அப்புறம்தான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. “பாஸ்! அவங்களைக் காப்பாத்தத்தானே நாம வந்தோம்!”

வெர்னாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

பதினொன்றரைக்கு மாரிசெல்லைப் பின்வாசலில் பிடித்தார்கள். ரொட்டிக் கூடைகளின் நடுவே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெர்னா சுற்றி வளைக்கவில்லை.

“கல்யாணம் எப்போ?”

மாரிசெல் குப்பியைக் கீழே வைத்தாள். “எட்டு மாசம் ஆச்சுக்கா. லாஃப்லின் ஊர் கேசினோல டீலரா இருந்தார். ரெண்டு பேருக்கும் இது இரண்டாவது, அதனால யாருக்கும் சொல்லலை.”

“சொந்தப் புருஷனை உக்கார வச்சுச் சீட்டுப் போட்டா உரிமமே போயிடும். தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா செஞ்சே? உனக்கென்ன பைத்தியமா?”

“ஆமா, பைத்தியம்தான்!” மாரிசெல்லின் குரல் உடைந்தது. “இந்த வருஷ ஆரம்பத்துல முதலாளியோட அக்கா பையன் ஒரு அறிக்கை எழுதினான். ‘போக்கர் அறையில ரெண்டு மாசமா ஒரு தகராறுகூட இல்ல. சும்மா சீட்டுப் பரிமாற ஆள் எதுக்கு? எந்திரமே சீட்டுப் போடற திரை வச்ச மேசை போதும்’னு. ஏன்க்கா தகராறு இல்ல? நாங்க ஒன்பது டீலரும் ஒழுங்கா வேலை பார்த்தோம், அதனாலதான் இல்ல! சரி, தகராறு வந்தா ஆள் இருந்தாத்தான் தீரும்னு தெரியட்டுமேன்னு அவரை வரச் சொன்னேன். யார் காசையும் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். இப்போ புது அறிக்கை வந்திருக்கு. ‘தகராறு ரொம்ப ஜாஸ்தி. ஆளுங்கதான் காரணம். திரை வச்ச மேசை போடுங்க.’”

டெஸ்மண்டுக்கு நெஞ்சு கனத்தது. அதை அவனால் ரொம்ப நேரம் தாங்க முடியாது. “அந்தத் தம்பிக்கு நான் ஒரு மெத்தை விக்கணும் பாஸ். மெத்தையா இருந்தா முதுகு வலிக்குது, தரையா இருந்தாலும் முதுகு வலிக்குது, அதனால முதுகை எடுத்துடலாம்னு எழுதுவான்.”

“முப்பது வருஷத்துல நான் ஒரு பொய்த் தீர்ப்பு சொன்னதில்ல மாரிசெல்” என்றார் வெர்னா.

“தெரியும்க்கா. சொல்லிடுங்க. எனக்காக நீங்க பொய் சொன்னா அதுதான் எனக்கு அசிங்கம்.”

பன்னிரண்டு மணிக்குப் போக்கர் அறையின் நடுவே புதுத் திரை மேசை பளபளவென்று நின்றது. ஆளுக்கொரு இலவச மதியச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்து ஒன்பதாம் மேசைக்காரர்களை அதில் உட்கார வைத்திருந்தார் கிப். சீட்டு திரையில் வந்தது. சில்லு திரையில் நகர்ந்தது. ஜட்ஜ் ஆசை ஆசையாகக் காத்திருந்தார். யாருமே இரண்டு தவணையில் வைக்கவில்லை. வைக்க அந்த எந்திரம் விடவில்லை. யாருமே சில்லை வீசவில்லை. வீச அங்கே சில்லே இல்லை. பேர்ல் அம்மாள் வழக்கப்படி தன் சீட்டின்மேல் தவளையை வைத்தார். திரை அதை விரல் என்று நினைத்து அவர் சீட்டை மடக்கிப் போட்டுவிட்டது.

“எனக்கு ரெண்டு ஏஸ் வந்திருந்தது! யார்கிட்ட சொல்றது? யாரைக் கூப்பிடறது?” என்று அலறினார் பேர்ல் அம்மாள்.

‘விளையாடியதற்கு நன்றி’ என்றது திரை.

அதற்குப் பிறகு எட்டு நிமிடம் அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதாவது நிமிடம் ஜட்ஜ் எழுந்தார். “பல் டாக்டர் வீட்டுல காத்திருக்கற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பழைய மேசைக்கே போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். மாரிசெல் தன் இடத்தில், வெறும் கையோடு நின்றாள். ஆர்வில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

கிப் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். “அதை அப்புறம் பாத்துக்கலாம். வெர்னா, மணி ஆச்சு. இந்தத் தகராறுக்கெல்லாம் யார் காரணம்? சொல்லுங்க.”

வெர்னா வாயைத் திறப்பதற்குள் மாரிசெல் முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார். ஆர்வில் என் வீட்டுக்காரர். நான் சொல்லித்தான் எல்லாம் செஞ்சார்.”

பிறகு ஜட்ஜ் ஸ்ட்ரௌட் பையிலிருந்து புத்தகத்தை உருவினார்.

“செல்லாது!”

“என்னது?” என்றார் கிப்.

“நீ கேட்டது வெர்னாவை. மாரிசெல் முறை தவறிப் பேசிட்டா. முறைக்காரங்க பேசற வரைக்கும் அது அந்தரத்துலதான் நிக்கும். பக்கம் இருபத்தொண்ணு!”

“வாயால சொன்னா சொன்னதுதான்யா. போன வாரம் என்னை மட்டும் விட்டியா நீ?” என்று பாய்ந்தார் பேர்ல் அம்மாள்.

“முழுசாக் கேளு! முறைக்காரங்க எதுவும் வைக்காம சும்மா மேசையைத் தட்டி விட்டுட்டாங்கன்னா, முந்திப் பேசினது நிக்கும். அவங்க புதுசா எதையாவது வச்சு நிலைமை மாறிச்சுன்னா, முந்திப் பேசினவங்க வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கலாம்.”

எல்லார் கண்களும் வெர்னா மேல் திரும்பின. அவர் பொய் சொல்ல மாட்டார் என்று டெஸ்மண்டுக்குத் தெரியும். பேசாமல் நின்றாலும் மாரிசெல் ஒழிந்தாள்.

“யார் காரணம்னுதானே கேட்டீங்க கிப்?” என்றார் வெர்னா, நிதானமாக. “உங்க முதலாளியோட அக்கா பையன். தகராறு இல்லைன்னா ஆள் வேண்டாம்னு எழுதினவன் அவன்தான். அதுக்கு முன்னாடி இந்த மேசையில ரெண்டு மாசம் ஒரு தகராறும் கிடையாது. உங்க பட்டியலையே பாருங்க. இதுதான் என் தீர்ப்பு. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்.”

“நிலைமை மாறிடுச்சு!” என்று கத்தினார் ஜட்ஜ்.

“இன்னொண்ணு” என்று வெர்னா திரை மேசையைக் காட்டினார். “அதுல தகராறே வராது. தீர்ப்பு சொல்ல மேலாளர் எதுக்கு? உங்களுக்கு என்ன வயசு கிப்?”

கிப் திரை மேசையைப் பார்த்தார். தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்லியே பழக்கமில்லாத மனிதர் இன்னொரு முறை வியர்வையைத் துடைத்தார்.

“முறை தவறிப் பேசினது” என்றார் கடைசியில். “திரும்ப எடுத்துக்கலாம். ஆர்வில் இனிமே இந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. மூணாவது அறிக்கையை நான் எழுதறேன். மாரிசெல், நீ சொன்னது நிக்கணுமா, எடுத்துக்கறியா?”

மாரிசெல் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா கண்ணை விலக்கவில்லை, ஜாடையும் காட்டவில்லை.

“எடுத்துக்கறேன் சார்” என்றாள் மாரிசெல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. உட்கார்ந்தாள். சீட்டைக் கலைத்தாள். முதல் சுற்று பரிமாறினாள். ஆர்வில் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கதவருகில் போனபோது, இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசையில் யாரும் கேட்டிராத ஒரு சத்தமான குரலில் மாரிசெல் கூப்பிட்டாள்.

“ஏங்க, போற வழியில பால் வாங்கிட்டுப் போங்க!”

ஒன்பதாம் மேசையில் அது ஒருத்தர் காதிலும் விழவில்லை. எல்லாரும் அவரவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.